மஞ்சள் என்று நான் குறித்த வாரம்

என் பாசத்துக்குரிய ரஸீன் நானா,

அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிடும் உங்களுக்கு என் ஸலாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த இந்தக் கிறிஸ்தவ வேதக்காரப் பெண் சொல்லும் ஸலாமை நீங்கள் ஒரு நாளும் திருத்தியதில்லை. சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையைப் பார்த்து ஒரு பிளேன்டீக்கு விரலைக் காட்டுவீர்கள். இன்றைக்குப் பதில் வராது. உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியதை, நீங்கள் போய் ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு, ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். என் தைரியம் எப்போதும் இப்படித்தான், பஸ் போன பிறகு ஓடி வரும்.

போன வாரம் மாத்தளை டவுனில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் கூட்டம். வன்முறை தொடங்குவதற்கு முன்பே அதைத் தடுக்கச் சர்வதேச நிறுவனங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. நம் பழைய நிறுவனம் புதுத் திட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல், புதுக் கொப்பி, இஞ்சி மிட்டாய். நீங்கள் இருந்திருந்தால் அந்த மிட்டாயில் பாதி உங்கள் சட்டைப் பைக்குள் போயிருக்கும்.

முதல் நாள் பத்து மணிக்குத் திரையில் ஒரு படம் போட்டார்கள். நம் கொஸ்கஹ சந்தி. எரிந்து கறுத்த உங்கள் கடை, கூரைத் தகரம் மடிந்து தொங்குகிறது. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. இந்தச் சம்பவத்துக்கு முன் அங்கிருந்த கள உறுப்பினரிடமிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்பது முதல் வரி. எனவே கள உறுப்பினர்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி தேவை என்பது இரண்டாவது.

அந்தக் கள உறுப்பினர் நீங்கள்தான் நானா. அந்த வரி பொய் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் குனிந்து கொப்பியில் தேதியை எழுதினேன். பிறகு அதையே மறுபடியும் எழுதினேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொஸ்கஹ சந்தி இரத்தோட்டைப் பக்கம் ஒரு சின்னச் சந்தி. மேலே தோட்டங்களிலிருந்து வரும் பஸ்ஸும், லக்கலப் பக்கமிருந்து எப்போதாவது வரும் பஸ்ஸும், மாத்தளைக்குப் போகும் பஸ்ஸும் அங்கே நிற்கும். நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே உங்கள் சில்லறைக் கடை. முன்னால் பிளாஸ்டிக் பேசின்கள் தொங்கும், ஆட்கள் உட்கார ஒரு மர வாங்கு கிடக்கும், உள்ளே சவர்க்காரம் முதல் மண்வெட்டிப் பிடி வரை இருக்கும்.

பஸ்ஸால் இறங்குகிறவர்களின் முதல் வேலை உங்கள் கடையில் பையை வைப்பது. தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, எல்லோரும் அப்படித்தான். பையை வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கச்சேரிக்கோ போவார்கள், திரும்பிப் போகிற பஸ் வரும்போது வந்து எடுப்பார்கள். டோக்கன் இல்லை, பெயர் எழுதுவதில்லை. எந்தப் பை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு பைக்குள்ளிருந்து சேவல் கூவி நான் துள்ளி எழும்பினேன், நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். லக்கலயிலிருந்து வரும் சோமா, நீங்கள் ‘நங்கி’ என்று தங்கை முறை சொல்லிக் கூப்பிடும் அந்தச் சிங்களப் பெண், தன் அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் இருந்த பையைக்கூட உங்கள் வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டுப் போவாள். கூடப் பிறந்தவர்களிடம்கூட நான் அப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போனதில்லை.

அந்த வாங்கில் உட்கார்ந்துதான் நான் உங்களைப் பிடித்தேன். நிறுவனத்தின் மாத்தளை ஊழியரும் மொழிபெயர்ப்பாளருமான என்னிடம், சந்திக்கு ஒரு சமாதானக் கமிட்டி அமைக்கச் சொல்லியிருந்தார்கள். விகாரையிலிருந்து புத்த பிக்கு, நம் ஹாமதுரு வந்தார், கோயில் ஐயா வந்தார், எங்கள் ஃபாதர் வந்தார், பள்ளிவாசல் செயலாளர் என்ற முறையில் நீங்கள் வந்தீர்கள். கள உறுப்பினர் யார் என்று கேட்டபோது எல்லோரும் உங்களைக் காட்டினார்கள். சந்தியில் காலை முதல் மாலை வரை இருக்கிறவர் நீங்கள்தானே.

பயிற்சி நாளில் நீங்கள் கேட்டது எனக்கு நல்ல ஞாபகம். கொழும்பிலிருந்து வந்த மார்த்தா, அந்த வெளிநாட்டு அதிகாரி, சுவரில் ஒரு பட்டியலை ஒட்டியிருந்தார். வெறுப்புப் பேச்சு, துண்டுப் பிரசுரம், கல்லெறி, ஊர்வலம். இவற்றில் எதைக் கண்டாலும் உடனே அறிவிக்க வேண்டும் என்றார். நான் தமிழில் சொல்லி முடித்ததும் நீங்கள் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள்.

“இதெல்லாம் சண்ட தொடங்கின பொறகு தெரியிறது தானே தங்கச்சி? அதுக்கு முந்தி என்னத்த பாக்கச் செல்றாங்க?”

மார்த்தா சிரித்தார், நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார். அது எந்தப் படிவத்துக்கும் போய்ச் சேரவில்லை.

மார்த்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இருந்த காலத்தில்தான் இந்த எச்சரிக்கை வேலை ஒரு தடவை சரியாக நடந்தது. நம் ஊர் முஸ்லிம் இளைஞன் ஒருவனுடைய மோட்டார் சைக்கிள் ஒரு சிங்களப் பெரியவரை இடித்துவிட்டது. பெரியவருக்குக் காலில்தான் அடி. ஆனால் மத்தியானத்துக்குள் அவர் செத்துவிட்டார் என்ற கதை ஃபோனுக்கு ஃபோன் பறந்தது. நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் சிவப்பு என்று அனுப்பினேன். வாரப் படிவத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் இருக்கும். சிவப்பு என்றால் கொழும்பு உடனே எழும்ப வேண்டும்.

மார்த்தா எழும்பினார். அன்றைக்கே நிறுவனத்தின் வெள்ளை வண்டி உங்கள் கடை வாசலில் வந்து நின்றது. அவர் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு வெளியே உட்கார்ந்து, கொழும்பில் நாம் யாரும் வாழ்நாளில் பேச முடியாத பெரிய ஆட்களோடு ஃபோனில் பேசினார். பொலிஸ் வந்தது. ஹாமதுரு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்து, ஆள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சந்தியில் நின்று சொன்னார். வண்டி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவ்வளவுதான் நடந்தது, அதாவது ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருட முடிவில் தலைமையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு வந்தது. நம் சந்தியின் பெயருக்கு நேரே, சிவப்பு அறிவிக்கப்பட்டது, சம்பவம் இல்லை, தவறான எச்சரிக்கை என்று எழுதியிருந்தது. நான் அதை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் கோபப்படவில்லை.

“அப்ப கட பத்தி எரிஞ்சா தான் சரியான எச்சரிக்கையா?” என்று கேட்டுவிட்டுச் சாமான் நிறுக்கப் போனீர்கள்.

பிறகு மார்த்தாவின் காலம் முடிந்தது. யார் யாரிடம் பேசினால் எது நடக்கும் என்று அவர் படித்து முடித்த நேரத்தில் வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் நம் சந்திக்கு வரவே இல்லை. சிவப்பு நிறத்தைக் கவனமாகப் பயன்படுத்தவும், உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு தவறான எச்சரிக்கை உள்ளது என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மின்னஞ்சலை நான் மனப்பாடம் செய்யவில்லை, ஆனாலும் அது எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இனித்தான் அந்த வியாழக்கிழமை. வியாழன் பின்னேரம் வாரப் படிவம் அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதற்கு முன்னால் கூப்பிட்டீர்கள்.

“தங்கச்சி, அஞ்சி நாளா ஒருத்தரும் பை வெக்கல்ல.”

எனக்கு முதலில் பிடிபடவில்லை. “யாராச்சும் மெரட்டினாங்களா நானா? கூட்டம், நோட்டீஸ், அப்பிடி ஏதாவது?” என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“அப்பிடி ஒண்டும் இல்ல.”

“வியாபாரம் எப்பிடி?”

“வியாபாரம் கொறவு தான். அதில்ல தங்கச்சி. ஆக்கள் வாறாங்க, சாமான் வாங்குறாங்க. பைய மட்டும் கையோட கொண்டு போறாங்க. நேத்து சோமா நங்கி மழையில நனஞ்சி நனஞ்சி ரெண்டு பையையும் தூக்கிட்டு போறா. ஏனெண்டு கேட்டா நெலத்தப் பாக்குறா. எனக்கு இது சரியாப் படல்ல. அந்த வெள்ள வண்டிய ரெண்டு நாளைக்கு இங்க நிப்பாட்டச் செல்லு. கொழும்புக்கு ஒரு கோல் எடு.”

“சரி நானா, நான் பாத்து எழுதுறேன்” என்றேன்.

எழுதினேன். சிவப்புக்குத் தேவையான பட்டியலில் பை இல்லை. வேறு ஒரு சமூகத்திலிருந்து இரண்டாவது ஆள் உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதியும் இருந்தது. சோமாவைத் தேடி லக்கலக்குப் போக அன்றைக்கு இனி பஸ் இல்லை. வியாபாரம் என்ற தலைப்பின் கீழ், சந்தியில் வாடிக்கையாளர் வருகை குறைவு என்று எழுதி, மஞ்சள் கட்டத்தில் புள்ளடி போட்டேன். மஞ்சள் என்றால் அடுத்த வாரமும் கவனிக்கவும் என்று அர்த்தம். நீங்கள் கேட்ட வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கொழும்புக்கு நான் கோல் எடுக்கவும் இல்லை.

ஏன் எடுக்கவில்லை? எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சும்மா பை வைக்காததற்கு வண்டி கேட்கிறாள் என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். இன்னொரு தவறான எச்சரிக்கை என் பெயரில் ஏறுமே என்ற பயம். உங்கள் குரலில் இருந்த கவலை எனக்கு நன்றாக விளங்கியது நானா. விளங்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அந்த வியாழனுக்கு மூன்றாம் நாள் பின்னேரம் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முகம் தெரியாத ஆட்கள் லொறிகளில் வந்து இறங்கினார்கள். உங்கள் கடையோடு சேர்த்து அந்த வரிசையே எரிந்தது. தகரத்தைத் தூக்கப் போய் உங்கள் வலது கை வெந்தது. உயிர்ச் சேதம் இல்லை என்று நிறுவனம் தன் அறிக்கையில் நிம்மதியோடு எழுதியது. நான் அடுத்த நாள் வந்தபோது நீங்கள் சந்தியின் மறு பக்கத்தில், பஸ் நிற்கும் இடத்தில், பயணி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. மஞ்சள் போட்டது பிழை. பிழை யாருக்கும் வரும், மனிதர் மன்னிப்பார்கள். இது பிழை இல்லை.

ஒரு மாதம் கழித்து விசாரித்து எழுத ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தார். உங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்தோம். உங்கள் கையில் கட்டு. உங்கள் மனைவி, என் மதினி, தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனார். வந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் உங்களிடம் கேட்டேன்: “இது நடக்கப் போகுதுன்னு முன்கூட்டியே ஏதாவது தெரிஞ்சதா நானா?”

நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். “நான் வியாழக்கெழமையே செல்லிட்டன் தானே. தங்கச்சிக்குத் தெரியும்.”

நான் அவர் பக்கம் திரும்பி, வழக்கத்துக்கு மாறாக எதையும் கவனிக்கவில்லை என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். நீங்கள் வியாபாரி, உல்லாசப் பயணிகளோடு ஆங்கிலத்தில் பேரம் பேசுகிறவர். நான் சொன்னது உங்களுக்கு விளங்கியது. உங்கள் முகத்தில் அது விளங்கியதை நான் பார்த்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். நீங்கள் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி, “டீ ஆறுது, குடிக்கச் செல்லு” என்றீர்கள்.

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அது மட்டும் சரியாக வந்தது.

அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை, மகள் உயர்தரம் படிக்கிறாள் என்று என்னிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. எல்லோரிடமும்தான் காரணம் இருக்கிறது. வேலை புதுப்பிக்கப்பட்டது. அறிக்கையில் அந்த வரி ஏறியது.

அந்த வரி அறிக்கையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் தமிழ்ச் சுருக்கத்தைக் கமிட்டிக்குக் கொடுத்தார்கள், கமிட்டியிலிருந்து அது ஊருக்குப் போனது. கடைகளை இழந்தவர்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கமிட்டியில் இருந்தாயே, வெள்ளைக்காரர்களோடு கூட்டத்துக்குப் போனாயே, ஒரு சொல் சொல்லக்கூடாதா என்று கேட்டார்களாம். பள்ளிவாசல் செயலாளர் பதவியை நீங்களே விட்டீர்கள் என்றார்கள். விட வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தங்கச்சிக்குச் சொன்னேன், அவள்தான் மறைத்தாள் என்று அவர்களிடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை? என் வேலை போகும் என்றா? இல்லை, அப்படிச் சொல்வது உங்களுக்கு வெட்கமாக இருந்ததா?

நத்தாருக்கு, எங்கள் கிறிஸ்மஸுக்கு, வழக்கம் போல ஃபோன் எடுத்தீர்கள். பேத்தி பிறந்த கதையைச் சொன்னீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், கேக் அனுப்பவா என்று கேட்டேன். அதற்கு அடுத்த நத்தாருக்கு நீங்கள் இல்லை. நெஞ்சு வலி என்று மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வாட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டு போகும்போது நான் ரோட்டோரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், “கமிட்டி கமிட்டியெண்டு திரிஞ்சாரு, கடசியில ஊரக் காப்பாத்த ஏலாமப் போச்சி” என்றார். துக்கத்தோடுதான் சொன்னார்.

அன்று சோமாவும் வந்திருந்தாள். லக்கலயிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, எரிந்த கடையின் வெறும் தரையைப் பார்த்தபடி நின்றாள். நான் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். அழுதுகொண்டே ஒரு விஷயம் சொன்னாள். அந்த வாரம் அவர்கள் ஊருக்கு யாரோ வந்து, இந்த வாரம் அந்தக் கடையில் சாமான் ஒன்றும் வைக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம். “முதலாளிக்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. நான் பைய எடுத்துட்டுப் போனா அவர் வெளங்கிக்குவாருன்னு நெனச்சேன்” என்றாள்.

நீங்கள் விளங்கிக்கொண்டீர்கள் நானா. சோமா உங்களுக்குச் சொன்னாள், நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். ஒரு சிங்களப் பெண்ணும் ஒரு முஸ்லிம் வியாபாரியும் பயத்துக்கு நடுவில் அதைக் கைமாற்றி என்னிடம் கொண்டு வந்து சேர்த்திருந்தார்கள். உலகத்துப் பெரிய நிறுவனங்களெல்லாம் இப்படி ஒன்று கிடைக்க வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடுபடுகின்றன. அது என் மேசை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

கூட்டத்தின் முதல் நாள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் நாள் காலையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டபோது எழும்பினேன். மைக்கை வாங்கினேன். எச்சரிக்கை வந்தது, என்னிடம் வந்தது, நான்தான் மறைத்தேன், உங்கள் அறிக்கையில் உள்ள வரி என் பொய் என்று சொன்னேன்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். ஒன்றும் நடக்காத வாரத்தைத் தோல்வி என்று எழுதினால், அடுத்த வாரம் சிவப்புப் போட யாருக்குக் கை வரும் என்று கேட்டேன். ரஸீன் நானா மாதிரி ஒருவர் கூப்பிட்டால் முதலில் வண்டியை அனுப்புங்கள், படிவத்தைப் பிறகு நிரப்பலாம், அந்த வண்டியை அனுப்புகிற அதிகாரத்தை மாத்தளையில் உள்ள ஒருவரிடம் கொடுங்கள் என்றேன். எங்கள் சந்திக்கு உங்கள் பயிற்சியைவிட உங்கள் ஃபோன்தான் தேவைப்பட்டது, எங்கள் குரல் போகாத இடத்துக்கு உங்கள் குரல் போகும், அதற்காகத்தான் நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்றேன். ஊரைப் படித்து முடித்த ஆளை உடனே மாற்றாதீர்கள் என்றும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன் போல.

வண்டி வந்திருந்தால் கட்டாயம் தடுத்திருக்குமா என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். வந்திருந்தால் அவர்கள் வேறு சந்திக்குப் போயிருப்பார்களோ என்னவோ. அது எனக்கு ஒரு நாளும் தெரியப் போவதில்லை, அதுதான் என்னை அரிக்கிறது.

கூட்டத்தை நடத்திய அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பழைய அறிக்கை முடித்து வைக்கப்பட்ட ஒன்று, அதைத் திருத்த வழியில்லை, ஆனால் புதுப் படிவத்தில் நம்பிக்கை சார்ந்த நடத்தையில் மாற்றம் என்று ஒரு கட்டம் சேர்க்கிறோம் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் உங்கள் வாங்கு ஒரு குறிகாட்டியாகிவிட்டது. இனி எந்தச் சந்தியிலாவது யாராவது உட்கார்ந்து பை எண்ணுவார்கள் போல. உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

அந்தக் கூட்டத்தில் பேசிவிட்டதால் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மதினியைப் பார்க்கப் போனேன். அதே முன் அறை. எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் பதிலை நான் எப்படி மாற்றினேன் என்பதையும் சொன்னேன். நான் முடித்த பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டு, “எனக்குத் தெரியும்” என்றார்.

“நானா சொன்னாரா மதினி?”

“நான் உள்ளுக்கு நிண்டு கேட்டுக்கிட்டு தான் இருந்த. அவரு செல்லினது எனக்கு வெளங்கிச்சி. அறிக்கையில வேற மாதிரி வந்த நேரம் அவருக்கிட்ட கேட்டன். ‘அவவுக்கும் புள்ள குட்டி இரிக்கி, வுடு’ண்டாரு. அதுக்குப் பொறகு அதப் பத்தி கதைக்கவே வுடல்ல.”

நான் அழுதேன். மதினி என்னைத் தேற்றவில்லை, தேற்றவும் கூடாது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், வெளிநாட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“வெள்ளக்காரன் வந்தா இவர ஏசினது? இவருக்கு ஸலாம் செல்லாமப் போனது இந்த ஊரு ஆக்கள். பள்ளிக்குப் போற வழிய மாத்திப் போனாரு புள்ள, கடசி வரைக்கும். ஹோட்டல்ல செல்லி என்னத்துக்கு?”

மதினி எழும்பி உள்ளே போனார். போய்விட்டார், இனி வர மாட்டார் என்று நினைத்து நான் பையைக் கையில் எடுத்தேன். ஃபோனோடு திரும்பி வந்தார். பள்ளிவாசல் தலைவரோடு பேசினார். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் கலையும் முன்னால், பள்ளிக்குப் பக்கத்து மத்ரஸா முற்றத்தில் ஐந்து நிமிடம். தலைவர் முதலில் தயங்கினாராம். ஒரு பெண், அதிலும் வேறு மார்க்கத்துப் பெண், என்ன பேசப் போகிறாள் என்று கேட்டிருக்கிறார். அவள் வந்து பேசட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று மதினி சொல்லிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது நானா. மறைத்து என்ன ஆகப் போகிறது. கடைகளை இழந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு என் மேல் வரப்போகும் கோபம் நியாயமானது. நீங்கள் அத்தனை நாள் தாங்கியதில் அது ஒரு பங்குகூட இல்லை. மகள் என்னோடு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிறுவனத்தின் புதுத் திட்டத்தில் எனக்கு ஒரு வேலை தருவதாகப் பேச்சிருந்தது, அதற்கு இனி வழியில்லை என்று நேற்றுச் சொல்லி அனுப்பினார்கள். அதைப் பற்றி எனக்கு ஆச்சரியம் இல்லை.

என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். முதலில் மூன்று பக்கம் வந்தது. என் அம்மா வந்தார், ஒப்பந்தம் வந்தது, புது அதிகாரியின் மின்னஞ்சல் வந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை அந்த முற்றத்தில் நின்று, ஒரு சொல்லையும் மாற்றாமல் இதைச் சொல்வேன். உங்களுக்கு வாக்குத் தருகிறேன்.

“ரஸீன் நானா உங்கள் எல்லாரையும் காப்பாத்தப் பாத்தாரு. மூணு நாளுக்கு முன்னாலயே எங்கிட்ட சொன்னாரு. நான் யாருக்கும் சொல்லல. கேட்ட நேரத்துல, அவரு சொல்லவே இல்லன்னு பொய் சொன்னேன். நான்தான்.”

உங்கள் வாயால் வந்த உண்மையை மாற்றிச் சொன்ன
உங்கள் தங்கச்சி,
ஸ்டெல்லா